பிரேக் நிப்பிள் உடைஞ்சு போச்சா? அவசரப்படாதீங்க!



நம் குழுக்களில் கடன் வாங்கி லோடு வண்டி, வாடகைக் கார் ஓட்டும் குடும்பங்கள் உண்டு. வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். அதுக்காக பிரேக் வேலையை அரைகுறையா முடிச்சு ஓட்டக் கூடாது. திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படி ஏறிப் போகிறவர்களும் உண்டு, ரோடு வழியாக வண்டியில் போகிறவர்களும் உண்டு. ஆடிக் கிருத்திகை சமயத்தில் அந்தக் கூட்டத்தில் இறங்கும் வண்டிக்கு பிரேக்தான் உயிர்.

நிப்பிள் என்றால் என்ன?

டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தில், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்துக்கு காலிபர் என்று பெயர். அதன் மேல்பக்கம் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். உள்ளே ஓட்டை, முனை கூம்பு மாதிரி. மெக்கானிக் இதை நிப்பிள் என்பார். இதைத் தளர்த்தித்தான் பிரேக்குக்குள் புகுந்த காற்றையும் பழைய பிரேக் ஆயிலையும் வெளியே எடுக்கிறார்கள். டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டரிலும் இதே நிப்பிள் உண்டு.

ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்?

உப்பு ஈரத்தை இழுக்கிற மாதிரி பிரேக் ஆயிலும் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூடு ஏறி, ஆயில் கொதித்து ஆவியாகும். அப்போது பெடலை மிதிச்சா பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதனால்தான் பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கினால் பிரேக் சூடாவதும் குறையும்.

ஏன் உடைகிறது?

நிப்பிள் மேல் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அது விழுந்துட்டா மழைத் தண்ணி, மண் உள்ளே போகும். மரை துருப்பிடிச்சு ஒட்டிக்கும். வருஷக்கணக்கில் திறக்காத நிப்பிளை ஒரே மூச்சில் திருகினால் கழுத்தில் முறியும்.

உடையாமல் கழற்ற:

1. கம்பி பிரஷால் துருவைத் துடைத்து, துரு இளக்கும் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடணும்.
2. ஆறு பட்டை சாக்கெட் அல்லது சரியான அளவு ரிங் ஸ்பேனர் போடணும். கட்டிங் பிளேயர் வேண்டாம், பட்டை மழுங்கிடும்.
3. சுத்தியலால் லேசா தட்டி, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே அசைக்கணும்.

உடைந்துவிட்டால்:

காலிபரைக் கழற்றி மேஜைமேல் வைத்துச் செய்வதே நல்லது. முனை கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகலாம். வெல்டிங் சூட்டில் துருவும் இளகும். ஆனால் சூடு வைக்கும் முன் ஆயிலை வடித்து, பிஸ்டனையும் ரப்பர் சீலையும் எடுத்துவிடணும். பிரேக் ஆயில் தீப்பிடிக்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடு வைத்தால் விஷப்புகை வரலாம்.

உள்ளேயே முறிந்திருந்தால், நடுவில் உள்ள ஓட்டையை நேராக டிரில் போட்டுப் பெரிசாக்கி, ஈஸி அவுட் என்ற எதிர்மரைக் கருவியால் திருகி எடுப்பார்கள். இதில் பலம் காட்டக் கூடாது. ஈஸி அவுட் உள்ளே முறிந்தால், அது கெட்டியான இரும்பு, சாதாரண டிரில் ஏறாது. மரையோ அடியில் உள்ள கூம்புக் குழியோ கெட்டுவிட்டால் காலிபரை மாற்றுவதே வழி. வேலை முடிந்ததும் இரும்புத் தூளைச் சுத்தமாகக் கழுவி, புது சீலும் புது நிப்பிளும் போடணும். ஆயில் குழாயைக் கழற்றியிருந்தால் செம்பு வாஷரும் புதுசு போடணும்.

இதுக்கு ஒத்துக்காதீங்க

"எம்சீல் வச்சு அடைச்சிடலாம், டேப் சுத்திடலாம்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆயிலைத் தடுத்து நிறுத்துவது மரை இல்லை, அந்தக் கூம்பு முனைதான். "இப்போ ஒழுகலையே, அப்படியே ஓடட்டும்" என்பதும் சரியில்லை. அடுத்த முறை காற்றோ ஆயிலோ எடுக்க வழி இருக்காது.

வண்டியை வாங்கும்போது

பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கீழே இறங்கக் கூடாது, நிப்பிளில் ஈரம் கசியக் கூடாது. ரப்பர் மூடி இருக்கா பாருங்கள். முதலில் காலி இடத்தில் மெதுவா ஓட்டிப் பார்த்த பிறகுதான் நகரி, புத்தூர் பக்கம் லோடு ஏற்றணும். மீதி பிரேக் ஆயிலை தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்தால் ஆபத்து.

சகோதரிகளே, வண்டி வீட்டுக்காரர் பேரில் இருக்கலாம், ஆனால் கடன் நம் குழுவின் பேரில் இருக்கிறது. பட்டறைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், கேள்வி கேளுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில், வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: "உங்க வண்டிக்கு பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"