பிளக் ஒண்ணு... பர்ஸ் அஞ்சு!

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் நாலுவழிச் சாலை. இடம்: சமயநல்லூர். நண்பர் புதுசாக எலெக்ட்ரிக் கார் வாங்கியிருந்தார். முதல் சவாரி கொடைக்கானலுக்கு. பின் சீட்டில் அவர் மனைவி, இரண்டு வாண்டுகள், ஒரு தூக்கு நிறைய புளியோதரை. முன் சீட்டில் ஓசிப் பயணியாக அடியேன்.

ராத்திரி வீட்டில் சார்ஜ் போட மறந்துவிட்டார் மனிதர். மீட்டரில் 31 சதவீதம். மலை ஏறப் போதாது. "கவலைப்படாதே, ரோட்டோரம் சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கு" என்று வண்டியைத் திருப்பினார். இருந்தது. பிளக்கைக் காரில் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. கரண்ட்தான் வரவில்லை!

"எங்க ஆப் இருந்தாத்தான் ஓடும் ஸார்" என்றார் வாட்ச்மேன்.

நண்பரின் செல்போனில் ஏற்கெனவே நாலு கம்பெனிகளின் நாலு ஆப். ஐந்தாவதை இறக்கி, பெயர், கார் நம்பர் எல்லாம் தட்டி, ஓ.டி.பி.க்குத் தவம் கிடந்து, அதன் 'வாலட்'டில் 500 ரூபாய் போட்டு... கரண்ட் ஓடுவதற்குள் புளியோதரைத் தூக்கு காலி!

இத்தனைக்கும் பிளக் விஷயத்தில் நாம் ஜெயித்தவர்கள். 2017-ல் அரசாங்கம் 'பாரத் டி.சி. 001' என்றொரு சார்ஜரை வகுத்தது. அதன் பிளக் சீன ஜாதி. ஜப்பானுக்கு 'சாடெமோ'. ஐரோப்பாவுக்கு 'சி.சி.எஸ். 2'. ஒன்றின் மூக்கு இன்னொன்றில் நுழையாது. 2018 டிசம்பரில் மத்திய மின் அமைச்சகம், பொது ஸ்டேஷனில் இவை எல்லாமே இருக்க வேண்டும் என்றது. செலவு தாங்குமா? 2019 அக்டோபரில் விதியைத் தளர்த்தி, எது வேண்டுமோ வைத்துக்கொள் என்று விட்டார்கள். அதற்குப் பிறகு மார்க்கெட்டே பஞ்சாயத்து பண்ணிவிட்டது. ஹூண்டாய் கோனா, எம்.ஜி. இசட்.எஸ்., டாடா நெக்ஸான் என்று 2019-20-ல் வந்த கார்கள் எல்லாம் சி.சி.எஸ். 2 பக்கம் சாய, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

இதே சமயநல்லூர் வழியாக ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. கேஜ் மாறுகிற ஊரில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். தண்டவாளம் ஒன்றானபோது அந்தத் தொல்லை தீர்ந்தது. கார் பிளக்கிலும் அதுதான் நடந்தது.

ஸ்கூட்டர் ஆசாமிகள் இன்னும் கேஜ் மாறிக்கொண்டிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் ஆரம்பித்து, ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர், 2021-ல் தன் பிளக் டிசைனை மற்ற கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. ஹீரோவின் விடா அதை எடுத்துக்கொண்டது. 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் முத்திரை குத்தியது. ஆனால் எல்லா கம்பெனிகளும் அந்த வரிசையில் வந்து நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தன் மூக்கே அழகு!

சரி, நம் காருக்கு வருவோம். பிளக் ஒன்றானது, பர்ஸ் ஒன்றாகவில்லை. அடியேன் பி.காம். புத்தி எங்கே போகும்? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நண்பரின் ஐந்து வாலட்டிலும் மிச்சம் மீதி சேர்த்து 730 ரூபாய். ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் செலவழிக்க முடியாது. அதாவது, வட்டியில்லாமல் ஐந்து கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறார். அவர் ஒருத்தர் மட்டுமா? வண்டி வைத்திருக்கிற எல்லாரையும் கூட்டிப் பாருங்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி ஸ்டேஷனில் சார்ஜ் போட, செல்போன் ரோமிங் மாதிரி ஓர் ஏற்பாடு வெளிநாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பாவில் 2024 ஏப்ரல் 13 முதல், புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான பொது சார்ஜர்களில், மெம்பராகாமலே கார்டைக் காட்டிப் பணம் கட்ட வழி இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கேயும் 2025 மே மாதம், நாடு முழுதுக்கும் ஒரே ஆப் உருவாக்கும் வேலையை பி.எச்.இ.எல்.லிடம் தரும் யோசனையை மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் அறிவித்தது. திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்த அதே பி.எச்.இ.எல்.தான். சீக்கிரம் வரட்டும்.

கார் சார்ஜ் ஆகும் வரை பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். நண்பர் ஒரு ஆப்பில் பணம் கட்டினார். நான் வேறு ஆப்பில் எனக்கொரு வடைக்குக் கட்டினேன். கடைக்காரர் அட்டையில் ஒரே கட்டம்தான். 2016-ல் யு.பி.ஐ. வந்த புண்ணியம்.

"எங்க ஆப்பை இறக்கினாத்தான் டீ" என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அடுத்த கடைக்குப் போயிருப்போம். கரண்ட் விஷயத்தில் அடுத்த கடை திண்டுக்கல் பக்கம் இருக்கிறது. அங்கேயும் ஆறாவது ஆப்!