ஆப்பசைத்த குரங்கும் மேசை ரம்பமும்

பாதி அறுத்த மரத்தில் செருகியிருந்த ஆப்பைப் பிடுங்கி மாட்டிக்கொண்ட குரங்கின் கதை நமக்குத் தெரியும். ஆப்பு அங்கே எதற்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நீளவாக்கில் அறுபடும் மரம், அறுத்த வாயை மூடிக்கொள்ளப் பார்க்கும். மூடினால் வாள் சிக்கிக்கொள்ளும். அதைத் திறந்து வைக்கத்தான் ஆப்பு.

ரப்பர் மரத்துக்கு இந்தக் குணம் கொஞ்சம் தூக்கல். பால்வெட்டு முடிந்த கிழட்டு மரம், 25 முதல் 30 ஆண்டுகளில் சாய்க்கப்படும். முன்பு அது விறகு. இன்று நாற்காலி, மேசை. நிற்கும்போதே மரத்தின் வெளிப்புறம் இழுபட்டும் நடுப்பகுதி அழுந்தியும் இருக்கும். சாய்ந்து வளர்ந்திருந்தால் இன்னும் மோசம். அறுத்ததும் அந்த இறுக்கம் அவிழ்ந்து பலகை வளையும். சில வேளை வாயும் மூடும்.

மேசை ரம்பத்தின் 10 அங்குல வட்டு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். நம் பக்கத்துப் பற்கள் பலகையை மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்களோ மேலேறும். வாய் மூடிப் பலகை அவற்றில் பட்டால், அறுப்பவர் மேலேயே பாயும். பலகையைப் பிடித்திருந்த கை வட்டை நோக்கி இழுபடலாம்.

இங்கேயும் ஓர் ஆப்பு உண்டு: வட்டின் பின்னால் நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு. வட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும். தகட்டைத் தொந்தரவென்று கழற்றி மூலையில் போட்ட பட்டறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரங்குதான் நினைவுக்கு வரும்.

பலகை சாய்ந்து நகரும் பக்கச்சட்டம் வட்டுக்கு இணையாக இருக்கவேண்டும். சட்டம் இல்லாமல் வெறுங்கையால் நீள அறுப்பு அறுக்கவே கூடாது. வட்டின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். குறுகலான துண்டைத் தள்ளுகட்டையால், வட்டைத் தாண்டும்வரை தள்ளுங்கள். பாதியில் விட்டால் வட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் சிக்கும். கையுறை வேண்டாம், பல் துணியைக் கவ்வினால் விரலும் கூடவே போகும். வட்டும் நீள அறுப்புக்கு உரியதாக இருக்கட்டும்: 10 அங்குலத்துக்கு 24 பல் அளவு. குறுக்கு அறுப்புக்கான 60, 80 பல் வட்டில் நீண்ட சீவல் வெளியேற இடமில்லை. மரம் கருகும், கை மேலும் அழுத்தும்.

சுவிட்சை அணைத்த பிறகும் வட்டு சில நொடி சுற்றும். கழிவுத் துண்டை எடுக்கக் கை நீளுவது பெரும்பாலும் அப்போதுதான்.