பேயா, பிரமையா?



பேய்க்கதை என்றதும் நம்மிற் பலர் முகஞ் சுளிப்பதுண்டு. சிறுவரை வெருட்டுவதற்கன்றி, இலக்கிய விசாரணைக்கு அது உகந்ததன்று என்பது அவர்களது எண்ணம். அவ்வெண்ணத்தை மாற்றவல்ல திரைப்படமொன்றைப் பற்றி இன்று பேசலாம். ஜக் கிளேற்றனின் நெறியாள்கையில் 1961இல் வெளிவந்த 'தி இன்னொசன்ற்ஸ்' என்பதே அது. அப்பாவிகள் என்று பொருள்படும். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட 'த ரேண் ஒஃப் த ஸ்குறூ' என்ற குறுநாவலும், அதனைத் தழுவி வில்லியம் ஆர்ச்சிபோல்ட் எழுதி 1950இல் மேடையேறிய நாடகமும் இதற்கு மூலங்கள். திரைக்கதையில் ஆர்ச்சிபோல்ட்டுடன் ட்ருமன் கப்போட்டியும் பங்குகொண்டார்.

கதை எளியது. இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை ஒன்றிலே பெற்றோரை இழந்த மைல்ஸ், புளோரா என்னும் இரு பிள்ளைகள் வளர்கின்றனர். அவர்களுக்குக் கற்பிக்கவென மிஸ் கிடன்ஸ் வந்து சேர்கிறாள். பாதிரியாரின் மகளான அவளுக்கு இதுவே முதல் உத்தியோகம். முன்னர் அங்கிருந்த ஆசிரியை ஜெசலும் பணியாள் குவின்ற்றும் இறந்துவிட்டவர்கள். அவ்விருவரின் உருவங்களையும் கிடன்ஸ் காண்கிறாள். அவர்களது ஆவிகள் பிள்ளைகளைப் பற்றிக்கொண்டன என்று நம்புகிறாள்.

அவள் கண்டது பேயா, பிரமையா? குறுநாவலைப் பற்றி இக்கேள்வி நீண்டகாலமாக நிகழ்ந்துவருகிறது. ஆசிரியையின் அடக்கிவைத்த ஆசைகளே உருவங்களாகத் தோன்றின என்று 1934இல் எட்மண்ட் வில்சன் உளவியல் வழிநின்று வாதிட்டார். ஆவிகள் மெய்யானவை என்போர் அதனை மறுத்தனர்.

நமது அளவை நூல்கள் காட்சியிலே நேரும் குற்றத்தை ஐயம், திரிபு என இரண்டாகப் பகுக்கும். மங்கிய ஒளியிலே நிற்பது கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. இப்படத்திலே கிடன்ஸ் விரைவில் துணிந்துவிடுகிறாள்; அத்துணிபு தெளிவா திரிபா என்ற ஐயம் பார்வையாளராகிய நமக்கு விடப்படுகிறது.

அந்த ஐயம் எவ்வாறு வளர்க்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். உருவம் தோன்றும் கட்டங்களிற் பெரும்பாலும் கிடன்ஸாக நடிக்கும் டெபொரா கெர்ரின் திடுக்கிட்ட முகமே முதலில் வருகிறது. அவள் கண்டது அதன் பின்னரே நமக்குக் காட்டப்படுகிறது. ஆகவே, அவளது அச்சத்தின் ஊடாகவே நாம் பார்க்கிறோம். ஒளிப்பதிவாளர் பிறெடி பிரான்சிஸ், ஓரங்களில் வர்ணந் தீட்டிய வடிகண்ணாடிகளைப் பயன்படுத்தி அகன்ற சினிமாஸ்கோப் திரையின் இருபுறத்தையும் இருளாக்கினார். அவ்விருளில் ஏதேனும் நிற்கிறதோ என்று நமது கண்ணும் தேடத் தொடங்குகிறது.

மூலக்கதையில், குவின்ற்றைப் பற்றி எதுவுமே அறியாத ஆசிரியை தான் கண்டவனின் அங்க அடையாளங்களைக் கூற, வீட்டைப் பராமரிக்கும் திருமதி குரோஸ் அவன் குவின்ற் என இனங்காண்கிறாள். ஆவி உண்டென்போருக்கு இது வலுவான சான்று. படமோ இச்சான்றைத் தளர்த்திவிடுகிறது. கோபுரத்தின்மீது முதலில் தெரியும் உருவம் வெயிலின் கூச்சத்தில் தெளிவற்றிருக்கிறது. பின்பு பரண் அறையிலே குவின்ற்றின் சிறிய படம் ஒன்று கிடன்ஸின் கைக்கு வருகிறது. அதன் பின்னரே யன்னலில் அவன் முகம் தெளிவாகத் தோன்றுகிறது. பார்த்த படந்தான் முகமாக வந்ததோ?

பிரமை என்றே முடித்துவிடவும் முடியாது. பாட அறையில் ஜெசல் அமர்ந்து அழுகிறாள். கிடன்ஸ் நெருங்கியதும் மறைந்துவிடுகிறாள். ஆயினும் கற்பலகையில் ஒரு கண்ணீர்த்துளி எஞ்சிக் கிடக்கிறது. பிரமைக்குக் கண்ணீரின் ஈரம் ஏது? ஆனால், அதைத் தொட்டுப் பார்ப்பவளும் கிடன்ஸ் ஒருத்தியே.

ஆவிகள் பிள்ளைகளுக்குச் செய்த தீமை யாது என்பதையும் ஜேம்ஸ் விளக்கவில்லை. வாசகனே அதனை எண்ணிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே விட்டதாக 1908ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவர் குறிப்பிட்டார். கிடன்ஸ் செய்வதும் அதுவே. பிள்ளைகளின் ஒவ்வொரு சிரிப்பிலும் கிசுகிசுப்பிலும் அவள் தன் அச்சத்தை இட்டு நிரப்புகிறாள். ஏரிக்கரையில் ஜெசலைக் கண்டதாக ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்த, புளோரா வீறிட்டு அலறுகிறாள். அருகில் நிற்கும் திருமதி குரோஸின் கண்ணுக்கோ எதுவும் தெரியவில்லை. இறுதியில் குவின்ற்றின் பெயரைச் சொல் என்று மைல்ஸை நெருக்குகிறாள். பெயரைக் கத்திச் சொன்ன சிறுவன் விழுந்து இறக்கிறான். அவ்வேளை மேலிருந்து காட்டப்படும் காட்சியில் குவின்ற்றின் கை தெரிகிறது. அது கிடன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து கண்ட காட்சியன்று. ஆக, கடைசிக் கணம் வரை ஐயம் தீர்வதில்லை.

ஆசிரியத் தொழில் புரிபவன் என்ற வகையில் என்னை உறுத்துவது இவ்விடந்தான். பேய் உண்டென்று கொண்டாலும், இல்லையென்று கொண்டாலும், சிறுவனின் மரணம் மாறுவதில்லை. அவள் கொடியவளல்லள், பிள்ளைகள்மீது மெய்யான அன்புடையவள். ஆனால் விடையை முன்னரே தீர்மானித்துவிட்டுக் கேள்வி கேட்கிறாள். மறுத்தால் பொய், மௌனமானால் மறைப்பு எனக் கொள்வோரிடம் ஒரு பிள்ளை எதைச் சொல்லித் தப்புவது?

இப்படத்தை முதன்முறை பார்ப்போர் யன்னலையும் ஏரியையுமே பார்த்திருப்பர். வாய்ப்புக் கிடைத்தால் இன்னொரு முறை பாருங்கள். அப்போது, கேள்விகளுக்கு முன்னே நிற்கும் அந்த இரு பிள்ளைகளின் முகங்களைக் கவனியுங்கள்.