மலைமக்கள் வேண்டும் மருத்துவம்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர் என்பன அவை. நாமோ பெரும்பாலும் நடுவிலுள்ள இரண்டையே எண்ணுகிறோம். மருத்துவர் உண்டா, மருந்து உண்டா என்று கேட்பதோடு அமைகிறோம். நோயுற்றவர் வேண்டுவது யாது, அவர் அருகில் இருக்கத்தக்கவர் யார் என்னும் வினாக்களுக்கு நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் விடை தருகிறது.

தேயிலைத் தோட்டங்களும் காடுகளும் சூழ்ந்த கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய பழங்குடியினர் சிதறிய சிற்றூர்களில் வாழ்கின்றனர். ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றுவர ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். அங்குப் பேசும் மொழியும் முகங்களும் அயலாயின், அச்சமும் உடன்சேரும்.

அக்கார்டு என்னும் தொண்டு நிறுவனத்தின் வழியாக, 1987இல் மருத்துவர்கள் தேவதாசனும் ரூபாவும் இங்குப் பணி தொடங்கினர். அவர்கள் முதலில் கட்டடம் எழுப்பவில்லை. அவ்வூர் இளைஞர்களுக்கே நலவாழ்வுப் பயிற்சி அளித்தனர். கருவுற்ற தாய்மாரைக் கண்டறிதல், குழந்தைகளின் எடையைக் கணித்தல், தடுப்பூசியின் பயனை எடுத்துரைத்தல், வயிற்றுப்போக்கிற்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்தல் ஆகியவற்றை அவர்கள் கற்றனர்.

நம்பிக்கை வளர்ந்தபின் மக்களே, "எமக்கென ஒரு மருத்துவமனை வேண்டும்" என்று கேட்டனர். அதன் பயனாக 1990இல் அஸ்வினி அமைப்பும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் தோன்றின. மருத்துவர்கள் ஷைலாதேவியும் நந்தகுமார் மேனனும் பொறுப்பேற்றனர். பழங்குடிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்றனர். 1992இல் காப்பீட்டுத் திட்டமும் அமைந்தது. மக்கள் இலவசத்தை மட்டும் வேண்டினர் அல்லர். தம் பங்கைச் செலுத்தி உரிமையோடு பெறவும் விரும்பினர்.

இம்முறையின் தேவையை அரிவாளணு நோய் நன்கு விளக்கும். பரம்பரையாக வரும் இந்நோயில் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. கடும் வலி உண்டாகிறது. ஆயுள் முழுதும் கண்காணிப்பு வேண்டும். ஒருமுறை மருந்தெழுதிக் கொடுத்தால் போதாது. மாதந்தோறும் வீட்டு வாயிலில் நின்று, "மாத்திரை உண்டாயா?" என்று அவர் மொழியிலேயே கேட்பவர் தேவை. வள்ளுவர் கூறிய நான்காமவர் இவரே.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. மகப்பேற்று வலிக்கும் நெஞ்சுவலிக்கும் அத்தொலைவு நெடிது. ஆதலின் பெரிய மருத்துவமனையோடு, இரவிலும் மருத்துவர் இருக்கும் அண்மை நிலையமும், காலத்தில் வரும் ஊர்தியும், ஊரறிந்த பணியாளரும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை அலுவலராகவும் ஆசிரியராகவும் இத்தகைய ஊர்களுக்குச் செல்லக்கூடும். அங்குள்ளோர்க்கு எது நல்லது என்று முடிவுசெய்யுமுன், அவர்களிடமே கேளுங்கள். கூடலூரில் அவ்வாறு கேட்டதனாலேயே ஒரு மருத்துவமனை பிறந்தது.