பஸ் ஸ்டாண்டைத் தாண்டியும் காரைக்குடி இருக்கு

நம்மில் பாதிப் பேருக்குத் தெரிஞ்ச காரைக்குடி ரொம்பச் சின்னது. காலேஜ், ஹாஸ்டல், புது பஸ் ஸ்டாண்ட், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிட்டு ஊருக்குக் கிளம்பினா திங்கட்கிழமை காலையில்தான் மறுபடி தலை காட்டுவோம். "இந்த ஊர்ல என்னடா இருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே நாலு வருஷத்தை ஓட்டிடலாம்.

ஒரே ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போகாம இங்கேயே இருங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, ஏழு மணிக்கெல்லாம், பழைய செட்டியார் வீடுகள் இருக்கிற தெருக்கள்ல நடங்க. ஒரு வீட்டோட முன்வாசல் ஒரு தெருவுல இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில். நடுவுல திறந்த முற்றம். சூடான காற்று முற்றம் வழியா மேலே போக, வாசல் வழியா புதுக் காற்று உள்ளே வரும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பரீட்சையில நேச்சுரல் கன்வெக்‌ஷன்னு பக்கம் பக்கமா எழுதுறோமே, அதேதான். முற்றத்துல விழுற மழைத் தண்ணியைப் பாத்திரத்துல பிடிச்சுக்குவாங்க. மீதி தெரு வாய்க்கால் வழியா ஊருணிக்குப் போகும்.

சிவில் பசங்க சுவரைப் பார்க்கணும். சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியது. பளிங்கு மாதிரி வழுவழுன்னு இருக்கும், பெயிண்ட்டே கிடையாது.

தரையைப் பார்த்து அசந்துட்டீங்கன்னா அப்படியே ஆத்தங்குடிக்கு பஸ் ஏறிடுங்க. அங்கே டைல்ஸை சூளையில சுடுறதே இல்லை. கண்ணாடித் தகட்டு மேல டிசைன் அச்சை வெச்சு, கலர் கலந்த சிமென்ட் குழம்பை ஊத்தி, மேல மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்குறாங்க. அப்புறம் தண்ணியில ஊறப்போட்டு, காயவெச்சு எடுத்தா கண்ணாடியைத் தொட்ட பக்கம் தானா மின்னும். கியூரிங்னா என்னன்னு இதைவிடத் தெளிவா எந்த லேப்லயும் பார்க்க முடியாது (லேப் சார் மன்னிக்கணும்).

கெமிக்கல், எலக்ட்ரிக்கல் ஆளுங்களுக்கு சிக்ரி. மின்வேதியியல் ஆராய்ச்சிக்குன்னே ஒரு தேசிய ஆய்வகம் இந்த ஊருக்கு வந்ததுக்குக் காரணம், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார்.

ஏன் அவசரப்படுத்துறேன்னா, அந்த வீடுகள் குறைஞ்சுக்கிட்டே வருது. பர்மா, மலேயா வியாபாரத்துல வந்த பணத்துல கட்டினது. இரண்டாம் உலகப் போரோட அந்த வியாபாரம் படுத்துடுச்சு. வீடோ பல பங்காளிகளுக்குச் சொந்தம். ஆளுக்கொரு ஊர்ல இருக்காங்க, பராமரிக்க ஆள் இல்லை. கடைசியில பிரிச்சு வித்துடுறாங்க. முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கிற பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்க: பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி. ஒவ்வொரு கதவும் ஏதோ ஒரு வீட்டு வாசல்ல நின்னதுதான். செட்டிநாட்டு ஊர்கள் 2014லயே யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல சேர்ந்தாச்சு. ஆனா அந்தப் பட்டியல் வந்து ஒழுகுற ஓட்டை மாத்தித் தராது.

பூட்டின வீட்டுக்குள்ள எட்டிக் குதிக்காதீங்க. திண்ணையில யாராவது இருந்தா, "ஐயா, காலேஜ் பிள்ளைங்க, முற்றம் மட்டும் பார்த்துக்கவா?"ன்னு கேளுங்க. சில பேர் முடியாதுன்னுவாங்க, சில பேர் மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுற சிவில் குரூப்புக்கு ஒரு யோசனை. வீட்டுக்காரர் சம்மதத்தோட ஒரே ஒரு வீட்டையாவது முழுசா அளந்து பிளான், செக்‌ஷன் வரைஞ்சு வையுங்க. டேப்பும் லெவலும் சர்வே லேப்லயே இருக்கு.