நிலத்தின் குரல் கேட்போம்

நிலம் ஒருபோதும் முற்றிலும் அசைவற்றிருப்பதில்லை. அவ்வசைவைப் பதியும் நிலநடுக்கமானியை வீட்டிற்குள் வைப்பின் நம் காலடி ஓசையே பெரும்பதிவாகிவிடும். ஆதலின் தோட்டத்தில் குழியமைத்தல் நன்று. மரங்களுக்கும் மதில்களுக்கும் அப்பாற்பட்ட இடமே ஏற்றது. காற்றில் மரம் ஆடுங்கால் வேர் நிலத்தை அசைக்கும். ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் சிமெண்டுத் தளமிட்டு, ரசமட்டங்கொண்டு கருவியைச் சமன்செய்து, வெயிலும் நீரும் தாக்காவண்ணம் மூடுதல் வேண்டும்.

அதன் பின்னரும் இரைச்சல் தோன்றும். அதன் மூலத்தை அறியக் கடிகாரமே முதல் துணை. பகலில் மிகுந்து இரவில் தணிவது பெரும்பாலும் போக்குவரத்து. விட்டுவிட்டு எழுவது குளிர்பதனப் பெட்டியோ நீரேற்றும் மோட்டாரோ ஆகலாம். ஐயத்திற்குரியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருசேர நிறுத்தினால் எது காரணமென அறியோம். 2020 ஆம் ஆண்டு ஊரடங்கில் உலகின் பல நிலையங்களில் இத்தகைய மனித அதிர்வு பெரிதும் தணிந்தது.

எனினும் கடலலைகள் எழுப்பும் அதிர்வை எவராலும் நிறுத்த இயலாது. சில நொடிகளுக்கு ஒருமுறை எழும் அது, கடலுக்கு வெகுதொலைவிலும் பதிவாகும். அதற்கு அஞ்சி மெதுவான அலைகளையெல்லாம் வடிகட்டிவிடின், தொலைவிலுள்ள பெரும் நிலநடுக்கங்களின் நீண்ட அலைகளும் உடன் மறையும். 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த சுமத்திரா நிலநடுக்கம் தொடக்கத்தில் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. அதன் முழு ஆற்றலைக் காட்டியவை அந்நீண்ட அலைகளே. ஆகவே இரைச்சலை நீக்குமுன் அது யாதென ஆராய்ந்தறிதல் நம் கடன்.