அச்சுப்பொறியைப் பகிர்தல்

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் குற்றாலத்திற் சாரல் பொழியும். பேரருவியில் நீர் பெருகி வீழும். அருவி ஒன்று, அதில் ஆட விழைவோரோ ஆயிரக்கணக்கானோர். கூட்டம் மிக்க நாள்களிற் காவலர் மக்களை வரிசையில் நிறுத்தி முறையாக உள்ளே விடுகின்றனர். வரிசை குலையின், முன்னிற்போரும் இனிது நீராட இயலாது, பின்னிற்போரும் இயலாது. பலர் ஆளும் ஒரு பொருளுக்கு முறை வேண்டும் என்பது வீட்டிலுள்ள அச்சுப்பொறிக்கும் ஒக்கும்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் இயங்கி வருகின்றது. அவ்வட்டாரத்தில் இல்லத்திலும் கணினி கொண்டு பணிபுரிவோர் உளர். அத்தகைய இல்லம் ஒன்றைக் கருதுக. தந்தைக்கும் மகளுக்கும் மகனுக்கும் தனித்தனியே கணினி உண்டு; அச்சுப்பொறி ஒன்றே. மூன்று பொறிகள் வாங்குதல் வீண்செலவு. நெடுநாள் வாளா இருப்பின் மையும் உலர்ந்து கெடும். ஆகவே, கருவிகளை வலையாகப் பிணைத்து, அவ்வொன்றையே மூவரும் ஆள்வர்.

அதனைத் தந்தையின் கணினியோடு வடத்தால் இணைத்து, அக்கணினி வாயிலாகப் பிறர் அச்சிடுதல் ஒரு வழி. இது பழைய பொறிக்கும் ஏற்கும். ஆயினும், தந்தை தம் கணினியை அணைத்துவிட்டு வெளியூர் செல்வாராயின், மறுநாட் காலை பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை மகள் அச்சிட முடியாது. பொறி பழுதின்றி எதிரே நிற்கும், ஏவுவார் இரார்! அச்சுப்பொறியை 'ரூட்டர்' என்னும் கருவியோடு வடத்தாலோ, 'வைஃபை' வழியாலோ நேரே இணைத்தல் மற்றொரு வழி. அப்போது அது எக்கணினியையும் சார்ந்து நில்லாது. இவ்வழியே சிறந்தது.

வீட்டுக்கு வீடு கதவெண் இருத்தல் போல, வலையிற் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் எண்ணாலாகிய முகவரி உண்டு. அதனை ரூட்டரே வழங்கும். மின்தடை நீங்கியபின் சிலபோது அச்சுப்பொறிக்கு வேறெண் வாய்த்துவிடும். கணினியோ பழைய முகவரிக்கே ஓலை விடுத்துக்கொண்டிருக்கும். பொறி கெட்டதென மயங்கிக் கடைக்குச் சுமந்து சென்றோரும் உளர். அவ்வெண்ணை ரூட்டரில் நிலைப்படுத்திவிடின் இவ்விடர் இல்லை.

கணினி விரைந்து அனுப்பும். அச்சுப்பொறி மெல்லவே அச்சிடும். ஆதலின், வந்தவை காத்திருக்க ஒரு வரிசை அமைந்துள்ளது. அதன் தலையில் நிற்பது தடைப்படின், பின்வருவன யாவும் நின்றுவிடும். அந்நிலையில் அச்சிடும் பொத்தானை மேன்மேலும் அழுத்துதல் பேதைமை. தடை நீங்கியவுடன் அத்தனை படிகளும் வெளிவந்து குவியும்! தடைப்பட்டதை வரிசையினின்று நீக்குதலே தக்கது.

கணினி வலையின் வளர்ச்சிக்கே இத்தேவை ஒரு வித்தாயிற்று என்பது வியப்பிற்குரியது. அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், கேரி ஸ்டார்க்வெதர் என்பார் நொடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் லேசர் பொறியை உருவாக்கினார். அங்கிருந்த கணினிகள் அனைத்தும் அதனைப் பயன்கொள்ளும் பொருட்டு, 1973-இல் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்னும் இருவரும் 'ஈத்தர்நெட்' என்னும் முறையை வகுத்தனர். ஒரே வடத்தில் இரு கணினிகள் ஒருங்கே பேசின், செய்திகள் மோதிக் கெடும். அதனை உணர்ந்த இரண்டும் உடனே வாய்மூடி, வெவ்வேறு சிறுபொழுது காத்திருந்து மீண்டும் பேசும். மாந்தர் கூடும் அவைகளில் இப்பண்பு அரிது! இன்று ரூட்டரின் பின்புறத்தில் வடம் செருகுதற்கு அமைந்துள்ள துளைகள் அந்த ஈத்தர்நெட்டின் வழிவந்தவையே.